டிக்கெட்டின் பின்பக்கம்

லாங்கு பஜாரில் ஜூன் முதல் வாரம்.
செருப்புக் கடைக்குள் பாதி வேலூர்.
மகளுக்கு நாலாம் நம்பர் கறுப்பு ஷூ,
அறுநூற்று நாற்பது.
இரண்டு ஐந்நூறு நீட்டினேன்.
கல்லாவில் இருந்த பெண்
ஒரு கையால் பில்லைக் கிழித்து
மறு கையால் யாருக்கோ சாக்ஸ் எடுத்துக் கொடுத்து
மூன்று நோட்டு வாங்கியதாய் நினைத்து
எண்ணூற்று அறுபதை என் உள்ளங்கையில் வைத்தாள்.

எண்ணாமல் வாங்கினேன் என்று சொல்லமாட்டேன்.
நான் கண்டக்டர்.
காட்பாடி – பாகாயம், தனியார் வண்டி, பதினாலு வருஷம்.
நோட்டு பட்டாலே
எவ்வளவு என்று விரல் சொல்லிவிடும்.
விரல் சொன்னது.
வாய் சொல்லவில்லை.

கடைப் படி இறங்கும்வரை அது அவள் தவறு.
கோட்டை அகழி ஓரம் வண்டி திரும்பியபோது
என் அதிர்ஷ்டம்.
பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது
கடைக்காரனுக்கு ஆம்பூரில் ஒன்று, ராணிப்பேட்டையில் ஒன்று,
ஐந்நூறு அவனுக்கு ஷூ லேஸ் காசு.
பாலத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தேன்.
தண்ணீர் போகட்டும், மணல்கூட இல்லை.
அதையும் யாரோ கைதவறி வந்ததென்று
வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இது பழக்கம்தான்.
"சில்லறை இல்ல, இறங்கும்போது வாங்கிக்குங்க" என்று
டிக்கெட்டுக்குப் பின்னால்
மூன்று, நான்கு, பதினொன்று என்று கிறுக்கிக் கொடுப்பேன்.
ஆஸ்பத்திரி நிறுத்தத்தில்
அஸ்ஸாமிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்தவர்கள்
ஸ்கேன் கவரை நெஞ்சோடு அணைத்தபடி
நடக்க முடியாதவரைக் கைத்தாங்கலாய் இறக்குவார்கள்.
பாக்கியை யார் நினைப்பார்?
நான் நினைப்பேன்.
நினைத்துக்கொண்டே விசில் ஊதுவேன்.
திருட்டு என்று அதை ஒருநாளும் சொன்னதில்லை.
மறதி. அதுவும் அவர்களுடையது.

ஆனால் ராத்திரிக் கணக்கில்
முப்பது ரூபாய் துண்டு விழுந்தால்
என் பேட்டாவில் பிடிப்பார்கள்.
தூக்கம் வராமல் புரண்டபோது
தர்மம் நியாயம் எதுவும் வரவில்லை.
பேட்டாதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் மத்தியானம் போனேன். கல்லாவில் முதலாளி.
"நேத்து இங்க ஒரு பொண்ணு..."
"தில்ஷாத்தா? ஐந்நூறு விட்டுட்டா. சம்பளத்துல பிடிச்சாச்சு.
ஏன், உங்ககிட்ட வந்துச்சா?"
கேட்கும்போதே கை நீண்டுவிட்டது.
ஒருமுறை வசூலானதை
இன்னொருமுறை வாங்கத் தயாரான கை.
"ஷூ கடிக்குது. அஞ்சாம் நம்பர் இருக்கா?" என்றேன்.
ஷூ யாரையும் கடிக்கவில்லை.

மூன்று ராத்திரி கடைசி நடையில் முகம் முகமாய்ப் பார்த்தேன்.
நான்காம் ராத்திரி பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறினாள்.
"விருபாட்சிபுரம் ஒண்ணு."
நீட்டியது இருபது ரூபாய்த் தாள்.
டிக்கெட், பாக்கிச் சில்லறை,
அடியில் மடித்த ஐந்நூறு.
கொடுத்துவிட்டு முன்பக்கம் நகர்ந்தேன்.
முடிந்தது என்று நினைத்தேன்.

வேலப்பாடிக்கு முன்பே
கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.
"அண்ணா, அதிகமா குடுத்துட்டீங்க.
ராத்திரி கணக்கு உதைக்கும் உங்களுக்கு."

என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.
நான் நாலு நாள் பையில் வைத்திருந்ததை
அவளால் ஒரு நிறுத்தம்வரை
வைத்திருக்க முடியவில்லை.

டிக்கெட்டை வாங்கிப்
பின்பக்கம் திருப்பி 500 என்று எழுதினேன்.
கீழே ஒரு கோடு.
"உன் பாக்கிதாம்மா. அன்னிக்கு வாங்காம போயிட்டே."
கடை என்று சொல்லவில்லை. ஷூ என்று சொல்லவில்லை.
அந்த அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.
டிக்கெட்டைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள்,
என் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.
சங்கரன்பாளையத்தில் ஏழெட்டுப் பேர் ஏறினார்கள்.

மறுநாள் முதல் நடையிலும்
சில்லறை இல்லை என்றுதான் சொன்னேன்.
பழக்கம்.
ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஒருவர்
மனைவியை முதலில் இறக்கி, தானும் இறங்கி,
பின்னால் நாலு என்று எழுதிய டிக்கெட்டை
கசக்கிப் போட்டுவிட்டு நடக்கிறார்.
விசில் வாயில் இருக்கிறது.
பின்னால் வந்த வண்டி ஹாரனை எடுக்கவில்லை.
டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்க்கிறார்.