எடுத்ததும் எடுத்துவிட்டதும்

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு.
மண்டபத்தை விட்டு இறங்கும்போது
கமராப் பை அதே பாரம்தான்.
உள்ளே ஒரு கலியாணம் முழுக்க இருந்தும்
ஒரு கிராம் கூடவில்லை.

இன்று பதினோராம் நாள்.
வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
யன்னலைத் திறந்தால் கடல்.
திறப்பதில்லை,
திரையில் வெளிச்சம் விழும்.

ஊதா லைற்றில்
ஐயர் கத்தரிக்காய் நிறத்தில் மந்திரம் சொல்கிறார்.
அவரை மனித நிறத்துக்குக் கொண்டுவந்தால்
யதுர்ஷிகாவின் கூறை மண்ணிறமாகிறது.
கூறையை மீட்டால்
நெருப்பு நீலமாகிறது.
நெருப்புக்கும் கூறைக்கும் நடுவே
நேற்றிரவு மூன்று மணித்தியாலம் ஓடித் திரிந்தேன்.

இப்போதெல்லாம்
பிளேன் டீயில் சிவப்புக் கூடித் தெரிகிறது.
மதிற்காகத்தின் கறுப்பில் விபரம் போதாது.
நூற்றியோராம் இலக்கப் பஸ்ஸில்
பக்கத்தில் இருந்தவரின் கன்னத்துத் தழும்பைக் கண்டதும்
என் சுட்டுவிரல் தானாக அசைந்தது.
மன்னிக்கவேணும் ஐயா,
அது உங்களுடைய தழும்பு.

மணமகளின் தாய் குரல் அனுப்பினார்:
“தம்பி, அந்தக் குடும்பப் படத்தில
சித்தப்பாவை எடுத்துவிடுங்கோ.
ஏன் எண்டு கேக்காதேங்கோ.”

எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன்.
எடுத்தவரை எடுத்துவிடச் சொல்கிறார்கள்.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள்
என் தொழிலை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

சித்தப்பாவை எடுத்தேன்.
அவர் நின்ற இடத்தில்
கதிரைக் கால் ஒன்றை முளைக்க வைத்தேன்,
பின்திரையின் மடிப்பை இழுத்து மூடினேன்.
கை மட்டும் மிஞ்சியது,
மணமகளின் தோளில்,
ஐந்து விரல், ஒரு பச்சைக்கல் மோதிரம்.
அதைத் தோளிலிருந்து கழற்ற
விடிந்துவிட்டது.

நேற்று மறுபடி குரல்:
“தம்பி, அவரைத் திரும்பப் போடுங்கோ.
நாங்கள் கதைச்சிட்டம்.”

கண் எரிந்தது. சிரித்தேனா, தெரியவில்லை.
பம்பலப்பிட்டிக் கண் டொக்டர்
துண்டில் எழுதித் தந்த மருந்தோடு
ஒன்று சொல்லியிருந்தார்: தூரத்தைப் பாரும்.
அதற்குக் கடையில் விலை இல்லை.
செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

தண்டவாளம் தாண்டினால் கற்கள்.
வானம் அளவுக்கு மிஞ்சிய செம்மஞ்சள்;
யாரும் படமாக அனுப்பியிருந்தால்
பாதியாகக் குறைத்திருப்பேன்.
பாணந்துறை ரயில் போயிற்று,
வாசலில் தொங்கிய முகமெல்லாம் கலங்கி,
ஒன்றையும் கூர்மையாக்கச் சொல்லி
ஒருவரும் கேட்கவில்லை.

“அய்யே, போட்டோ எகக்?”
ஒரு பெண், ஒரு பையன், ஒரு குடை,
கண்ணாடி வெடித்த போன்.
சூரியன் அவர்கள் முதுகுக்குப் பின்னால்.
இந்தப் பக்கம் வந்து நில்லுங்கள் என்று
சொல்ல வாய் வந்தது. விழுங்கினேன்.
ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு.

இரண்டு முகமும் கரி.
குடையின் கம்பி ஒன்று வானத்தைக் குத்துகிறது.
மூலையில் என் பெருவிரல்.
அவள் பார்த்தாள், பையனிடம் காட்டினாள்,
“ஹொந்தாய், ஹொந்தாய்” என்று
பைக்குள் போட்டுக்கொண்டாள்.
என் வாழ்நாளில்
இவ்வளவு சீக்கிரம் ஒரு வேலை
ஒப்படைக்கப்பட்டதில்லை.

மாடிக்கு வந்து மூலப்படத்தைத் திறந்தேன்.
போக ஓரிரவு எடுத்த சித்தப்பா
வர ஒரு கணம் எடுத்தார்.
கை தோளில், மோதிரம் விரலில்.
கண் மட்டும் பாதி மூடியிருக்கிறது.
அடுத்த படத்திலிருந்து
நல்ல கண் இரண்டு வெட்டி ஒட்டலாம்.
ஒட்டவில்லை.
விடிய மூன்று மணிக்கு முகூர்த்தம் வைத்தால்
ஒரு மனிதன் கண் சொருகத்தான் செய்வான்.

மிச்சம் தொள்ளாயிரத்து நாலு.
சூரியனும் ஒரு விரற்கடை மிச்சம்.
யன்னலைத் திறந்துவிட்டேன்.
அது இறங்கும்வரை
திரையில் ஒன்றும் தெரியவில்லை.