ஒன்பதாம் அத்தியாயத்தில் புயல்

"ஏழு வரைக்கும் நல்லா ஏறுது சார்.
எட்டுல தண்ணி வடியுது, கதையும் சேர்ந்து வடியுது.
ஒன்பதுல ஒரு புயல் வைங்க" என்கிறார்
கும்பகோணத்திலிருந்து முபாரக்.
தொடர்கதைக்குப் பக்கம் ஒதுக்குகிறவர்.

வைக்கலாம்.
திருத்துறைப்பூண்டியில் உட்கார்ந்துகொண்டு
புயல் வைக்கக் கற்பனை எதற்கு?

இந்தக் கதை தொடங்கியது
மூணாறு தலைப்பில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு மதியம்.
வந்த ஆறு மூன்றாகப் பிரிகிற இடம்.
லஸ்கர் ஒருவர் ஷட்டரை ஒரு சாண் தூக்கினார்,
நிறுத்தினார், பீடி பற்றவைத்தார்.
மொத்தத்தையும் இன்றைக்கே திறந்துவிட்டால்
கடைமடைக்கு என்ன மிஞ்சும்?
துன்பத்தையும் அப்படித்தான் விடவேண்டும் என்று
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

ஆகவே முதலில் உலகநாதனின் மோதிரம் மட்டும்.
விதைநெல்லுக்காக, சேட்டுக் கடையில்.
பிறகு முறைத்தண்ணீர்
அவனுக்கு இரண்டு வயல் முன்னாலேயே தீர்ந்தது.
நாற்று கருகி, மறுபடி விட்ட நாற்றுக்கு
பவுனம்பாளின் தோடு.
மகனுக்கு ஹாஸ்டல் பணம். தம்பியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ்,
வரப்பு ஒன்றரை அடி தள்ளி இருக்கிறதாம்.
ஏழில், கதிர் பால் பிடிக்கிற நேரம்,
ஐந்து நாள் அடைமழை.
எழுதிய நானே பயந்துபோய்ப் பேனாவை மூடிவிட்டு
டீ குடிக்கப் போனேன்.

எட்டில் வடிந்தது.
அங்கேதான் பவுனம்பாள்
கதையில் முதன்முறையாக உட்கார்ந்தாள்.
ஏழு அத்தியாயமாக அவளை நான்
நிற்கவே வைத்திருந்தது அப்போதுதான் உறைத்தது.
இதை முபாரக்கிடம் சொல்லவில்லை.

பகலில் நான் கொள்முதல் நிலையத்தில் பில் கிளார்க்.
சீசனுக்கு மட்டும்.
நேற்று ஒருவர் கொண்டுவந்த நெல்லில்
ஒரு கைப்பிடியை மிஷினில் போட்டோம்.
பதினேழு வரை எடுக்கலாம்.
பத்தொன்பது புள்ளி நான்கு.
"காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்றேன்.
அவர் சத்தம் போடவில்லை.
மேலே பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
மறுபடி மேலே.
தார்ரோட்டில் பாதியை அடைத்து
அவரும் மனைவியும் நெல்லைப் பரப்பினார்கள்.
காலால் கிண்டிக் கிண்டிக் கோடு போட்டுக்கொண்டே
நடந்தார்கள், இருட்டும்வரை.

மோதிரம், தோடு, நோட்டீஸ், ஐந்து நாள் மழை,
நான் அடுக்கிய எதுவும்
அந்த இரண்டு புள்ளி நான்குக்குப்
பக்கத்தில் வரவில்லை.

இன்றிரவு ஒன்பதை எழுதி அனுப்பினேன்.
ஒரு ரோடு, அதில் பாதி நெல்.
ஹாரன் அடித்த லாரிக்காரன் பிறகு தானே
மண்ணில் இறங்கி ஒதுங்கிப் போகிறான்.
கிழக்கே கொஞ்சம் கருப்பு.
பவுனம்பாள் படுதாவின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறாள்.
மறுமுனையை உலகநாதன் இன்னும் எடுக்கவில்லை.
அவ்வளவுதான்.

"புயல் எங்க சார்?"
முபாரக் கேட்டபோது மணி பத்தரை.
நிலையத்துக்கு எதிர் ரூம் என்னுடையது.
ஜன்னலுக்கு வெளியே
படுதாவுக்குப் பாரம் வைக்கச் செங்கல் தேடி
யாரோ ஓடுகிற சத்தம்.
போனை வைக்காமலேயே
நான் செருப்பைத் தேடினேன்.