மணி போன கதை

ஜூ ஏரிக்கரையில், லெ பொன் கிராமத்துத் தேவாலயத்தில்
மணியடிப்பவன் நான்.
இந்தக் கதையில் நட்டப்பட்டவனும் நான்தான்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வருடம் அந்த டிராகன் பறந்து வந்தது.
பெர்ன் நகரத்து வீரன் ஓங்கிய வாள்
தோலில் பட்டதும் மெழுகாய் இளகி
ஆறியதும் செதிலாயிற்று.
பிடியில் பொறித்திருந்த கரடி
விலாவில் வாய் பிளந்தபடி ஒட்டிக்கொண்டது.

பிறகு ஈட்டிகள். கோடரிகள்.
திஜோனிலிருந்து பீரங்கிகூட வந்தது;
குண்டுகள் முதுகில் கொப்புளமாய்ப் படிந்ததுதான் மிச்சம்.
அடிக்க அடிக்கத் தடித்தது.
"வெல்ல முடியாதது" என்றார் பாதிரியார்.
வெல்ல முடியாததற்கு வரி கட்டப் பழகினோம்:
வருடத்துக்கு நாற்பது ஆடு,
ஆறு வட்டப் பாலாடைக்கட்டி.

ஏரியில் பனிக்கட்டி அறுக்கும் ஒடில் ரோஷா மட்டும்
அதை நிமிர்ந்து பார்த்ததே இல்லை.
அது போன பிறகு
சாலையில் பதிந்த அடிக்குள் கைவிட்டு அளப்பாள்.
முன்பு விரற்கடை ஆழம்.
ஏழாம் வருடம் முழங்கை.
"இப்போதெல்லாம் அது நடந்துதான் வருகிறது,
கவனித்தீர்களா?" என்றாள்
ரொட்டிக்கடை வரிசையில் நின்றபடி.
நாங்கள் கவனித்திருக்கவில்லை.
அரண்டவன் கண்ணில் சிறகு மட்டும்தான் விழும்.

ஜனவரி. ஏரி உறைந்து கிடந்தது.
துளையிட்டுக் குச்சி விட்டுப் பார்த்தாள்.
"ஒன்றரைச் சாண்.
மாட்டுவண்டி தாங்கும்.
போன வருடத்து டிராகனையும் தாங்கும்."
பிறகு என் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

அழுதேன், மறைக்கவில்லை.
அந்த மணியின் உதட்டில் ஒரு கீறல்;
அது தெரியாமல் வடம் இழுக்க
என்னால் மட்டுமே முடியும்.
பதினொரு பேர் சேர்ந்து இறக்கினோம்.
அக்கரைக்கு இழுத்துப் போய்
தோல்பட்டை கோத்து வைத்தோம்.
"மந்தையின் தலைமைப் பசுவுக்குத்தான் பெரிய மணி"
என்றாள் ஒடில், தரையைப் பார்த்தபடி.

அது கழுத்தை நீட்டியது.

யுத்தம் அங்கேயே முடிந்துவிட்டது.
மிச்சம் வெறும் நடை.
இக்கரையில் ஆடுகள் கத்த,
டாண், டாண் என்று
நடு ஏரி வரை வந்தது பெருமையாக.
பனிக்கட்டி முதலில் பாடியது,
நீளமாக, ஒற்றை இழையில்.
பிறகு சட்டென நிறுத்தியது.
கோபத்தில் டிராகன்
தன் காலடியைப் பார்த்தே தீ உமிழ்ந்தது.
ஏழு வருடத்து இரும்பும் என் வெண்கலமும்
ஆவி கிளம்ப உள்ளே போயின.
சிறகு ஒருமுறை விரிந்தது.
தன்னைத் தூக்க அதற்குத் தெம்பில்லை.

பெர்ன் நகரத்தார் சிலை வைத்தார்கள்,
வாளை ஓங்கிய வீரனுக்கு.
மறுநாள் ஒடில்
ஓட்டை மூடிவிட்டதா என்று பார்க்கப் போனாள்;
லொசான் மீன்காரர்கள் கட்டிகளுக்குக் காத்திருந்தார்கள்.

ஞாயிறுகளில் இப்போது வாணலியைத் தட்டுகிறேன்.
யாரும் குறை சொல்வதில்லை.
காற்றில்லாத சில இரவுகளில்
ஏரிக்கடியில் என் மணி கேட்கும்,
தப்பான நேரத்தில்.
எழுந்து உட்கார்ந்து எண்ணுவேன்.
அதே கீறல் ஒலிதான், சந்தேகமில்லை.
இழுக்கத் தெரியாத யாரோ இழுக்கிறார்கள்.