நீலப் பீப்பாய்

புத்தகத்தில் நாற்பத்தைந்து நாள் என்று போட்டிருந்தது.
கோத்தகிரிக் குளிருக்குப் படிக்கத் தெரியாது.
மூன்றாம் மாதமும்
வாழைக்காய்த் தோல் வாழைக்காய்த் தோலாகவே கிடந்தது.
சாத்தூரில் என்றால் இந்நேரம்
கத்தரிச் செடியில் ஏறிப் பூத்திருக்கும்.

ஃபாக்டரியிலிருந்து தேயிலைக் கழிவு ஒரு சாக்கு,
சில்வர் ஓக் சருகு,
புளித்த மோர் அரைச் சொம்பு.
ஆணியைக் காய்ச்சி
பீப்பாயில் இன்னும் முப்பது துளை போட்டுக்கொண்டிருந்தபோது
மேல்மாடி ஜன்னலிலிருந்து
கயிற்றில் ஒரு வாளி இறங்கியது.
உள்ளே தோலுக்கு மேல் ஒரு சீட்டு:
'இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீன்முள் கிடையாது. கிருபாவதி.'

அவருக்கு ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி,
எனக்குத் தபாலாபீசில் பகல்.
படியில்கூடப் பார்த்ததில்லை.
வாளியைத்தான் பார்த்தேன்.
தினம் ஒரு முட்டை ஓடு.
ஒரு வாரம் முழுக்க ரொட்டி ஓரம் மட்டும்.
பிறகு திடீரென்று பீட்ரூட் தோல், மாதுளைத் தோல், முருங்கை ஈர்க்கு.
ரத்தம் குறைவோ என்று
சம்பந்தமில்லாமல் கவலைப்பட்டேன்.
ஒருநாள் இரண்டு முட்டை ஓடு வந்தது.
அன்று கவுண்டரில்
ஏன் சார் விசிலடிக்கிறீங்க என்றார்
ஸ்டாம்ப் வாங்க வந்தவர்.

மேலிருந்து பார்த்தால் பீப்பாயின் வாய் தெரியும்.
அவரும் என்னைப் படித்திருக்கலாம்:
வெங்காயச் சருகு, மிஞ்சிய உப்புமா,
வெங்காயச் சருகு, மிஞ்சிய உப்புமா.

தை மாதம், புல்லெல்லாம் உறைபனி.
மூடியைத் திறந்தேன், ஆவி.
முழங்கைவரை கையை விட்டேன்.
இப்போதுதான் யாரோ எழுந்துபோன
கம்பளியின் உள்பக்கம்.

அன்றிரவே கரடி வந்தது.
பீப்பாய் உருண்ட சத்தத்தில் தெருவே விழித்தது.
கீழிருந்து என் டார்ச்,
லீவு போலும், மேலிருந்து அவர் டார்ச்,
இரண்டும் கரடியின் முதுகில் சந்தித்தன.
அதற்கு அவசரமில்லை.
மாதுளைத் தோலை மென்றது.
உப்புமாவை முகர்ந்துவிட்டு
தேயிலைச் சரிவில் இறங்கிப் போனது.

காலையில் பாதையெல்லாம் எங்கள் குப்பை.
அள்ளக் குனிந்தால் எதிரே இன்னொரு துடைப்பம்.
எது அவர் வீட்டுத் தோல், எது என் வீட்டுத் தோல்,
பிரிக்க முடியாமல் கறுத்திருந்தது.
கம்பளிக் குல்லாவைக் காதுக்கு மேல் தள்ளிவிட்டு
அவர்தான் முதலில் பேசினார்:
'நாரத்தங்காய்த் தோல் போடலாமா?
கசக்குமே, புழு தின்னுமா?'

தெரியவில்லை.
போட்டுப் பார்ப்போம் என்றேன்.