ஜன்னல்மேல் இருந்த அலமாரி

கௌனாஸில் நவம்பர் பிறந்தால்
நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும்.
எங்கள் சமையலறைக்கு அதுவரை பொறுமையில்லை.
காலையிலேயே இருட்டு.

கெஸ்தாஸ் மாட்டிய அலமாரி அப்படி.
சுவரில் இடம் போதவில்லை என்று
பாதி ஜன்னல்மேல் ஏற்றிவிட்டு
"பார், எவ்வளவு பிடிக்கிறது" என்றான்.
பிடித்தது என்னவோ உண்மைதான்:
பதினேழு ஜாடி வெள்ளரி ஊறுகாய்,
ஓடாத மிக்ஸி ஒன்று,
வெளிச்சம்.

இப்போது அவன் நார்வேயில் மீன் வெட்டுகிறான்.
கீழ்வீட்டு வைதோதாஸிடம் ட்ரில் இரவல் வாங்கினேன்.
இரண்டு திருகு சொன்னபடி கேட்டது.
மூன்றாவது நின்ற இடத்திலேயே சுற்றியது,
வாடகை பாக்கிக்காரன் பேச்சைப்போல.
நாலாவதோடு ஒரு கைப்பிடிக் காரையும் வந்தது.
அலமாரி என் தோளில் இறங்கியபோது
தனியாக இருக்கிறேன் என்பது
கிலோக் கணக்கில் தெரிந்தது.

பிறகு வெயில்.
வெயில் என்றுகூடச் சொல்ல முடியாது.
சாம்பல் நிறத்தில் ஏதோ
மேஜைவரை வந்து உட்கார்ந்து
குறை சொல்ல ஆரம்பித்தது:
அடுப்புக்குப் பின்னால் பிசுக்கு,
குழாயடியில் விரிசல்,
என் முழங்கையில் ரத்தம்.

இரண்டு வாரம். சோடா உப்பு, உப்புத்தாள், பட்டி,
டப்பாவில் மட்டும் பால் வெள்ளையாக இருந்த
ஒரு மஞ்சள் பெயின்ட்.
ரசமட்டக் குமிழி நடுவில் நிற்கவேயில்லை.
கட்டடமே சாய்ந்ததுதான் என்றார் வைதோதாஸ்.
சாய்வுக்குத் தக்கபடியே பலகையை அடித்தேன்.

ஞாயிறு வீடியோவில் கெஸ்தாஸ்
கண்ணைச் சுருக்கினான்.
"பல்பு மாற்றினாயா?"

ஆமாம் என்றேன்.

ஜாடிகளைப் பற்றி அவன் கேட்கவில்லை.
கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன,
அவன் பக்கம்.