தவறாமல் வரவும்

தம்பிக்கு ஆவணி இருபதில் கலியாணம்.
மணவறையில் அவன் பக்கத்தில் நிற்க
எங்கட ஆக்களில் நான் மட்டும்தான் மிச்சம்.
"அக்கா, ஒரு கிழமைக்கெண்டாலும் வா" என்றான்.
அப்போது எனக்கு நாற்பது நாள் தள்ளிப்போயிருந்தது.
அவனுக்கு அதைச் சொல்லவில்லை.

மல்லாவி ஸ்டூடியோவில்
பொட்டை அழிக்கச் சொன்னார்கள்.
காதிரண்டும் தெரியவேணும், சிரிக்கக்கூடாது.
வெள்ளைத் திரைக்கு முன்னால் வேர்த்த முகம்
யாரையோ அடையாளம் காட்ட வந்தவளுடையது.

பிறப்புப் பத்திரத்தில் மதுரவாணி.
அடையாள அட்டையில் மதுரவானி.
பாஸ்போட்டின் ஆங்கிலத்தில் இன்னொருத்தி.
மூவரும் ஒருத்திதான் என்று
சமாதான நீதவானிடம் சத்தியம் செய்து
முத்திரைக்குக் காசு கட்டினேன்.

வங்கியில் பணம் காட்டவேணுமாம்.
அயலட்டைச் சங்கிலிகள் மூன்று அடைவுக்குப் போயின.
பதினொரு நாள் நான் பணக்காரி.
அந்தப் பதினொரு நாளும்
வெறும் பருப்பும் சோறும்தான் சமைத்தேன்.

இதுவரை வாழ்ந்த முகவரிகள்
என்று கேட்டது படிவம். இடம் நாலு வரி.
நெட்கஃபே பெடியன் நிமிர்ந்தான்:
"அக்கா, தறப்பாளுக்கு இலக்கம் இருந்ததோ?"
இருந்தது. தெருதான் இருக்கவில்லை.
அவன் யோசித்துவிட்டு
'பொருந்தாது' என்று தட்டினான்.
உடன் பயணிப்போர் எத்தனை பேர்?
இல்லை என்று போடச் சொன்னேன்.
என் வயிற்றைப் பார்த்தான்,
திரையைப் பார்த்தான்,
போட்டான்.

கிளிநொச்சி ஏஜென்சிக்காரர் சொன்னார்:
"தொளதொளவெண்டு உடுத்துங்கோ, பிள்ளை.
கேட்டால், கொஞ்சம் சாப்பாடு கூட எண்டு சொல்லுங்கோ.
திரும்பி வருவியள் எண்டதுக்குத்தான்
அவைக்கு அத்தாட்சி வேணும்."
காணிக்கு உறுதி இல்லை, பெர்மிட்தான்.
மாடு சினையாய் நிற்கிறது,
அதற்கு ஒருவரும் கடிதம் தரமாட்டார்கள்.

இரவில் ஒத்திகை.
கேதாரன் சாரத்துக்கு மேல் சேட்டுப் போட்டு
ஜன்னலுக்கு உள்ளே கதிரையில் இருப்பார்.
நான் வெளியே, நுளம்பு வலைக்கு இந்தப் பக்கம்.
"வாட் இஸ் யுவர் பேர்ப்பஸ்?"
"மை பிரதர் மேரேஜ்."
"வில் யூ கம் பேக்?"
"யெஸ், சேர்."
"சேர் எண்டு சொல்லாத, பயந்த மாதிரிக் கிடக்கு."
இருவரும் சிரிப்போம்.
ஏழு இரவு இப்படி.
எட்டாம் இரவு அவர் தமிழில் கேட்டார்:
"அங்க பிறந்தால் அந்த நாட்டுப் பிள்ளையாமே.
வருவியா?"
வலைக்குப் பின்னால் முகம் தெரியவில்லை.
அந்தக் கேள்விக்கு நாங்கள்
பயிற்சி எடுத்திருக்கவில்லை.
"அரிசி ஊறப்போடவேணும்" என்று உள்ளே வந்தேன்.

மறுநாள் கிளினிக்.
பவளராணி மிஸ் வயிற்றை நாடாவால் அளந்தா,
கண்மடலை இழுத்துப் பார்த்தா,
அட்டையில் அடுத்த தவணை எழுதினா:
புரட்டாதி எட்டு, செவ்வாய்.
கீழே, தவறாமல் வரவும்.
இரண்டு தரம் அடிக்கோடு.
"கோவமோ மிஸ்?"
"கோவமில்லை. உனக்கு இரத்தம் குறைவு.
எங்க போனாலும் எட்டாந்திகதி இங்க நிக்கோணும்."

கொழும்பு பஸ் ஒன்பதுக்கு.
தம்பியின் அழைப்பு, பெர்மிட், வங்கிக் கடிதம்,
எல்லாவற்றுக்கும் மேலே கிளினிக் அட்டை.
இடையில் இறுக்கிக் கட்டிய கத்தரிப்பூச் சேலை.
ஏஜென்சிக்காரர் கண்டால் தலையில் அடிப்பார்.
அட்டையில் சிங்களமும் தமிழும்தான்,
கண்ணாடிக்கு அங்கால் இருப்பவருக்கு
ஒரு எழுத்தும் விளங்காது.
அடிக்கோடு விளங்கக்கூடும்.

மதவாச்சியில் மூன்றாந்தரமாக
பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன்.
சாரதி கண்ணாடியில் பார்த்து,
ஒன்றும் கேட்காமல்,
வெளிச்சமுள்ள கடையாகப் பார்த்து நிறுத்தினார்.
பைலைக் கேதாரனிடம் கொடுத்தேன்.
"வருவன்" என்றேன், இறங்கும்போது.
அவர் எதற்கென்று கேட்கவில்லை.