இரண்டு கேள்விக்குறி, ஒரு சைபர்

மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
நகராட்சி மாடியில் நானும் ஸ்வன்டீஸும்
ஆறிப்போன காபியும்.
ஃபியோர்டுக்கு அப்பால், சரிவில்,
பதினோரு கம்பங்கள் பனியை அளக்கின்றன.
அவை சொல்வதைச் சொன்ன நொடியிலேயே
கெட்டிலின் பனிவாரி வண்டிக்குக் கொண்டுசேர்க்க வேண்டும்.

“என்ன பெரிய வேலை? ஒரு சாக்கெட், ஒரு காது”
என்று செவ்வாய்க்கிழமை சொன்னது நான்தான்.

அவள் சாக்கெட்டைத் தொடவில்லை.
முதலில் வகைகளை எழுதினாள்.
கம்பத்தின் பெயர்: சரம்.
நேரம்: எண்.
ஆழம்: எண்
என்று அடித்துவிட்டு விரலை எடுத்தாள்.

போன பிப்ரவரியில்
ஏழாம் கம்பம் சைபர் காட்டியது.
அதை நம்பி மேலேறினான் கெட்டில்.
மேலே பேட்டரி உறைந்து செத்திருந்தது.
திரையில் காலியிடம் அசிங்கமாயிருக்கிறதென்று
யாரோ அங்கே சைபர் போட்டிருந்தார்கள்.
இரவு முழுக்க வண்டிக்குள்,
கண்ணாடி உயரத்துக்குப் பனி,
அரைப் பாக்கெட் அதிமதுர மிட்டாய்.
தோண்டி எடுத்தபோது அவன் கேட்டது ஒன்றுதான்:
“யார் போட்டது அந்தச் சைபரை?”
யாரும் வாய் திறக்கவில்லை.
நானும்.

இப்போது அவள் திருத்துகிறாள்.
ஆழம்: எண், அல்லது இன்மை.

பதின்மூன்று கோப்புகள் சிவந்தன.
கூட்டுமிடத்தில், வரையுமிடத்தில்,
எச்சரிக்கை மணியடிக்குமிடத்தில்
இல்லையென்றால் என்ன செய்வாய்,
இல்லையென்றால் என்ன செய்வாய் என்று
கம்பைலர் பிடுங்கியெடுத்தது.
மௌனம் சம்மதம் என்பதெல்லாம்
அதனிடம் செல்லாது.

ஒவ்வொன்றாய் அடைத்தோம்.
இணைப்பு அறுந்தால் ஒரு நொடி பொறு,
பிறகு இரண்டு, பிறகு நான்கு.
திரை மூடினால் சாக்கெட்டையும் மூடு,
இல்லாவிட்டால்
போனவர்களின் காதுகள் கேட்டுக்கொண்டேயிருக்கும்.

பதினான்காவது கோப்பு மட்டும்
சிவக்கவேயில்லை.
ஸ்வன்டீஸ் அதைத் திறந்தாள்,
நாற்பதாம் வரிக்கு மெல்ல இறங்கினாள்.
இரண்டு கேள்விக்குறி, ஒரு சைபர்.
கம்பைலரின் வாயை அடைக்க அது போதும்.
வரியோரத்தில் தேதியும் எழுதியவர் பெயரும்
சாம்பல் நிறத்தில், சின்னதாக.

அவள் வாசிக்கவில்லை.
விசைப்பலகையை என் பக்கம் நகர்த்திவிட்டுக்
காபி சுடவைக்கப் போனாள்.

அழித்தேன்.
ஏழாம் கம்பத்தின் கட்டம் காலியானது:
தகவல் இல்லை, 16:42 முதல்.

வயர்லெஸ் கரகரத்தது.
“ஏழு பேசவில்லையா?”
“பேசவில்லை, கெட்டில்.”
“அப்போ கீழேயே நிற்கிறேன்.”

பொத்தானிலிருந்து கட்டைவிரலை
நான் இன்னும் எடுக்கவில்லை.
அந்தப் பக்கம் அவனுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்
இந்த அறையின் ஹீட்டர்,
என் மூச்சு.